ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள்

தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, காணாக்கடி போன்ற ஒவ்வாமைத் தொல்லைகளைத் தணிப்பவை. தூசியோ மகரந்தமோ பட்டதும் உடலின் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. அது செல்களின் எச்1 ஏற்பிகளில் செயல்படாதபடி இம்மருந்துகள் தடுக்கின்றன. இவ்வகையின் முதல் சேர்மத்தை 1937இல் பாரிசில் கண்டறிந்த தானியேல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இவற்றுக்கு வேலை அதிகம். மக்காச்சோளக் கதிரடிப்பில் பறக்கும் தூசி மூக்கைக் கிளறும். தரிசிலும் சாலையோரத்திலும் மண்டும் பார்த்தீனியத்தின் மகரந்தம் தும்மலைத் தருகிறது. ஆனால் அந்தச் செடி பட்டு வரும் தோலழற்சி வேறு வகை. அதற்கு மாத்திரை அரிப்பை ஓரளவு அடக்குமே தவிர, புண்ணை ஆற்றாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் தூசியும் சிமென்ட் தூசியும் பெரும்பாலும் எரிச்சலூட்டுபவை. அவற்றால் வரும் இருமலுக்குக் கடையில் 'அலர்ஜி மாத்திரை' கேட்டு விழுங்குவது வீண், முகக்கவசமே உதவும்.

பழைய தலைமுறையைச் சேர்ந்த குளோர்பெனிரமின் (சிபிஎம்), பெனிரமின் (அவில்) மூளைக்குள் புகுந்து தூக்கத்தை வரவழைக்கும். இவற்றைப் போட்டுக்கொண்டு டிராக்டரோ சுண்ணாம்புக்கல் லாரியோ ஓட்டக் கூடாது. பெரியவர்களுக்கு நாளுக்கு ஒருமுறை 10 மி.கி. தரப்படும் செட்டிரிசின், லோரட்டடின் ஆகியவை அவ்வளவு மயக்காதவை. செட்டிரிசினும் சிலரை அசத்திவிடும். குளவி கொட்டி மூச்சுத் திணறினாலோ, நாக்கு வீங்கினாலோ இவை போதா. அட்ரினலின் ஊசியே முதல் சிகிச்சை.