டவுன் ஹாலில் கூடியவர்கள்



நம் ஊரில் பொதிகை ரயிலேறி எழும்பூரில் இறங்கி, சென்ட்ரல் பக்கம் போனால், ரிப்பன் மாளிகையை ஒட்டிச் செங்கல் சிவப்பில் ஒரு கட்டடம் தெரியும். விக்டோரியா பப்ளிக் ஹால். அந்தக் காலத்தில் டவுன் ஹால் என்றார்கள். 1883-இல் அடிக்கல் நாட்டி, ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டி கட்டியது. பணம் கொடுத்தவர்கள் மன்னர்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும். நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்த அதை, சென்னை மாநகராட்சி 2023-இல் சுமார் 32 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்கத் தொடங்கியது.

அதன் பெருமை பேசுகிறவர்கள், அங்கே உரையாற்றிய விவேகானந்தரைச் சொல்வார்கள். நாடகம் போட்ட சுகுண விலாச சபையைச் சொல்வார்கள். நாம் இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும்.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரஸ் கோரியபோது, நிர்வாகம் முழுக்கச் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்று இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். 1893 டிசம்பரில் அதற்கான கூட்டம் வெஸ்லியன் மிஷன் கூடத்தில் நடந்தது. 3,412 பேர் கையெழுத்திட்ட மனு லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. அன்று நம்மவர்கள் கூடியது பாதிரிமார் தந்த இடத்தில். இரண்டே ஆண்டுகளில், 1895-இல், பறையர் மகாஜன சபை டவுன் ஹாலிலேயே கூடியது. அக்ரகாரத் தெருவில் கால்வைக்க முடியாத காலத்தில், நகரத்துப் பெரிய மனிதர்களின் மண்டபத்தில் நம் மக்கள் உட்கார்ந்து தங்கள் கோரிக்கையைப் பேசினார்கள்.

அந்த உரிமை அரசாணையாக 29 ஆண்டுகள் ஆயின. பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் இடம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அதே சீனிவாசன்தான். பொதுக்கட்டடம் என்ற சொல்லுக்குப் பொருள் அப்போதுதான் வந்தது.

ஆகவே சுண்ணாம்பும் தேக்கும் பழையபடி அமைந்தால் மட்டும் போதாது. 1895 கூட்டம் அந்த மண்டபத்தின் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சேரிக் கலைக்குழுவும் துப்புரவுத் தொழிலாளர் சங்கமும் கட்டக்கூடிய வாடகையில் அது கிடைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நம் வட்டாரத்தில் பழைய சத்திரம், பள்ளிக்கூடம், அலுவலகம் எதைப் பழுதுபார்த்தாலும், வெள்ளையடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்: இதற்குள் முதலில் போன நம் ஆள் யார், எந்த வாசல் வழியாகப் போனார்?