மரத்திற் கட்டிய முடிச்சு: வன்னி மரமும் பதிப்பு வேலையும்

யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் வவுனியாவைக் கடந்தபின் வரும் ஊர் ஓமந்தை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் அங்கு இயங்கிய சோதனைச்சாவடியால் அவ்வூரின் பெயர் உலகறிந்த பெயராயிற்று. ஆயின் அவ்வூரைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தின் பழைய புகழ் அதன் காட்டைப் பற்றியது. கருங்காலி, முதிரை, பாலை, வீரை என்பன செறிந்த உலர்வலயக் காடு அது. இவற்றுள் கருங்காலியின் வைரம் கரியது. நீரில் இட்டால் அமிழுமளவு கனமுடையது. முதிரையோ பொன்மஞ்சள் நிறத்தது. இழைத்தாற் பட்டுப்போல் மின்னுவது. ஒரு மரத்தின் உடலில் வேறு நிற மரத்தைப் பதித்துக் கோலஞ் செய்யும் கலைக்கு இவ்விரண்டினும் பொருத்தமான சோடி கிடைப்பது அரிது. அவ்வாறிருந்தும் அக்கலை வேரூன்றிய இடங்கள் வேறாயின. இது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டியதொன்றாகும்.

பதிப்பு வேலையிற் பல முறைகள் உள. மைசூர்ப் பணியாளர் தாளில் வரைந்த உருவைக் கம்பிவாளால் துண்டு துண்டாக அறுத்து, ஈட்டிப் பலகையில் அவ்வடிவுக்கேற்பப் பள்ளம் அகழ்ந்து ஒட்டுவர். விசாகபட்டினத்தார் யானைத் தந்தத்தைப் பதித்தனர். இவை கையின் நுட்பத்தை நம்பிய முறைகள். முடிச்சுப் பதிப்போ வேறு வகையினது. இங்கே கோலத்தை வரைவது தச்சனின் விரலன்று. அவன் தானே செய்துகொள்ளும் ஒரு சாய்வுச்சட்டமே.

அச்சட்டம் மிக எளியது. ஒரு பலகையின் மேல், வாள் ஓடும் கோட்டுக்குச் சாய்வாக ஒரு தடுப்புச் சட்டத்தை அறைந்து, அதன் ஓரத்தில் ஒரு முட்டுக்கட்டையையும் பொருத்தினால் வேலை முடிந்தது. சதுரக் கட்டையை முட்டுக்கட்டையில் இடிக்குமாறு வைத்து அறுத்தால், எத்தனை தடவை அறுத்தாலும் வெட்டு ஒரே இடத்தில் ஒரே சாய்வில் விழும். கட்டை இரண்டாகப் பிரியாதபடி அடியில் நூலளவு விட்டு அறுப்பதும் உண்டு. வெட்டிய இடைவெளியில், வாள் தின்ற கனத்துக்குச் சரியான மாற்றுநிறத் தகடொன்றை வச்சிரம் பூசிச் செருகவேண்டும். தகடு மெலிந்தால் கட்டை குறுகும். அடுத்த வெட்டு இடம் மாறிக் கோலம் சிதையும். பிசின் இறுகிய பின் கட்டையைக் கால்வட்டம் திருப்பி மறுபடியும் அறுக்க வேண்டும். இவ்வாறு நான்கு முகங்களிலும் நான்கு வெட்டு. அவசரக்காரனுக்கு இவ்வேலை உதவாது.

இறுதியிற் கட்டையைக் கடைசலில் ஏற்றி உருளையாகக் கடைந்தால், அதுவரை நேர்க்கோடுகளாகத் தோன்றியவை வளைந்து ஒன்றையொன்று பின்னி நிற்கக் காணலாம். சாய்ந்த தளமொன்று உருளையை வெட்டுமிடம் நீள்வட்டம் என்பது கேத்திரகணிதம் பயின்றோர் அறிந்ததே. நான்கு நீள்வட்டங்கள் கால்வட்டம் விலகி ஒரே நடுவைச் சூழ்வதனாலேயே முடிச்சின் தோற்றம் எழுகின்றது.

மேனாட்டார் இதனைக் கெல்த்தியர் முடிச்சு என்பர். கி.பி. 800 அளவில் எழுந்த கெல்சு நூல் முதலிய அயர்லாந்துச் சுவடிகளின் பின்னல் ஓவியங்களை நினைந்து இட்ட பெயர் அது. பெயர் முற்றும் பொருந்தாது. உண்மைப் பின்னலில் இழை ஒருமுறை மேலும் மறுமுறை கீழுமாக மாறிச் செல்லும். இங்கோ பின்னர் வந்த வெட்டு முன்னைய தகட்டை அறுத்துக்கொண்டு போவதால், நான்காவது தகடு எங்கும் மேலே கிடக்கும். முதலாவது எங்கும் கீழே கிடக்கும். நான்கும் ஒரே நிறமாயின் கண் ஏமாறும். தகட்டுக்கொரு நிறம் இட்டாற் குட்டு வெளியாகிவிடும். நம் பெண்கள் முற்றத்தில் இடும் கம்பிக் கோலத்தில் ஒரே இழை புள்ளிகள் யாவற்றையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே மீள்வதுண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிவ்ற் சிரோமணி முதலானோர் 1974இல் கோலங்களைக் கணிதவழி ஆராய்ந்து எழுதினர். மரமுடிச்சோ தனித்தனி வளையங்கள் நான்கே. ஒட்டுமொத்தத்தில், கோலமே கடினமான கலை.

இனி, வன்னி மரம் சென்ற திசையை நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையிலும் ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரத்திலும் கருங்காலித் தளபாடங்கள் செதுக்கப்பட்டு ஐரோப்பா சென்றன. அவ்வகை நாற்காலிகளை 18ஆம் நூற்றாண்டில் ஒறேஸ் வோல்போல் என்னும் ஆங்கிலப் பிரபு தியூடர் காலத்து ஆங்கிலேயர் செய்தவை என நம்பி வாங்கி வைத்தார் என்பது சுவையான செய்தி. 1833இற் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி அகல ஒற்றை வளைவுப் பாலம் முதிரை மரத்தால் அமைந்தது. 1905 வரை நின்றது. 19ஆம் நூற்றாண்டிற் காலி நகரப் பட்டறைகள், இலங்கையின் பல்வகை மரத்துண்டுகளைக் கதிர்போல் விரித்துப் பதித்த மேசைகளுக்குப் பேர்பெற்றன. அங்கு துறைமுகம் இருந்தது. கப்பலில் வந்திறங்கும் பயணி இருந்தான். அவன் கையிற் பணமும் இருந்தது.

வன்னிக்கு இம்மூன்றும் இல்லை. குளங்கள் தூர்ந்து, காய்ச்சலால் குடி மெலிந்த நாடு அது. இதனினும் வன்மையான காரணம் ஒன்றுண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியன எனக் கொண்டது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. தன் வேலிக்கப்பால் நின்ற கருங்காலி தச்சனுக்கு உரியதன்று. சட்டம் காட்டைக் காத்ததென்பர், ஓரளவு உண்மையே. எனினும் குத்தகைக்காரனின் வண்டி மரத்தை ஏற்றிப் போகையில், அதனருகே பிறந்த கைவினைஞன் அனுமதிச் சீட்டுக்குக் காத்துநின்றான். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது வன்னியைத் தெற்கோடு இரும்புத் தண்டவாளம் இணைத்தது. பட்டறையை அது கொண்டுவரவில்லை.

கருங்காலி இன்று வெட்டற்கரிய காவல் மரம். ஆயினும் முடிச்சுப் பதிப்புக்கு முழுமரம் வேண்டியதில்லை. உடைந்த கட்டிற்கால், கழித்த நிலைக்கதவு, தச்சன் காலடியில் விழும் முதிரைச் சிம்பு போதும். முதிரைத் தூள் தோலிற் பட்டாற் கடிக்கும்; அறுக்கும்போது மூக்கையும் கையையும் மூடிக்கொள்ளல் நன்று.