அண்ணப் பிளவும் மறக்கப்பட்ட செவியும்

அண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தையின் பேச்சைப்பற்றிய வரலாறு நெடுங்காலம் வாயின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. கிரகண வேளையில் வெளியே வந்தாள் என்று தாய்மீது பழிபோட்ட மூடநம்பிக்கை வாயைப் பார்த்தது. பிளவைத் தைத்து மூடிய விஞ்ஞானமும் வாயைத்தான் பார்த்தது. அக்குழந்தையின் காதில் பிறர் பேச்சு எவ்வாறு விழுகிறது என்ற வினா மிகப் பிந்தியே எழுந்தது.

1819இல் பாரிஸ் நகரில் பிலிபேர் றூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஜோன் ஸ்ரீபன்சன் என்னும் கனடிய மருத்துவ மாணவரின் மெல்லண்ணப் பிளவைத் தைத்தார். மயக்க மருந்து வழக்கில் இல்லாத காலம் அது. தையல் முடிந்தவுடனேயே மாணவரின் பேச்சு தெளிந்ததாகப் பதிவு கூறுகிறது. மறு ஆண்டே அவர் எடின்பரோவில் அச்சிகிச்சையைப் பற்றி லத்தீனில் ஆய்வேடு எழுதினார். பிற்காலத்தில் மொன்றியலில் மருத்துவக் கல்விக்கு வித்திட்டோருள் ஒருவரானார். இவ்வெற்றி மருத்துவருலகை மயக்கிவிட்டது எனலாம். பிளவு மூடப்பட்டால் பேச்சு தானே திருந்தும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. ஆயின், அண்ணம் செம்மையாக மூடப்பட்ட பின்னரும் பலருடைய பேச்சு பழையபடியே இருந்தது.

ஏன்? தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் இடங்களுள் மிடற்றையும் மூக்கையும் அண்ணத்தையும் சேர்த்தே எண்ணினார். மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்தாலன்றி வல்லினம் பிறவாது. அடையாவிடின் 'பாடு' என்பது 'மாடு' போல ஒலிக்கும். வாயில் காற்றைத் தேக்க முடியாத குழந்தை, மிடற்றிலேயே அதைத் தடுத்து வல்லெழுத்துக்கு ஒரு மாற்றுக் கண்டுபிடித்துக்கொள்கிறது. பிளவு மூடியபின்னும் அப்பழக்கம் நீங்குவதில்லை. இது காரணத்தின் ஒரு பாதி.

மறு பாதி செவியில் உள்ளது. மெல்லண்ணத்தை இழுத்து விறைப்பாக்கும் தசையே நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறப்பதும் ஆகும். அண்ணம் பிளந்தவிடத்து அத்தசை சரிவர இயங்காது, குழாய் திறவாது, செவிப்பறைக்குப் பின்னே பசைபோன்ற நீர் தேங்கும். அண்ணப் பிளவுக்கும் செவி நோய்க்கும் உள்ள தொடர்பை அல்ட் என்ற மருத்துவர் 1878இலேயே சுட்டியிருந்தார். கவனித்தோர் சிலரே. 1969இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் பரடைஸ் முதலியோர் இத்தகைய 50 குழந்தைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ எல்லோரிடமும் நடுச்செவி நோயைக் கண்டனர். ஒரு தசையின் கதை மருத்துவருலகின் கருத்தில் பதிய 90 ஆண்டுகள் சென்றன!

இது முழுச்செவிடு அன்று. காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டாற்போன்ற மந்தம். பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபெல் அளவினது. உயிரெழுத்து கேட்கும், மெலிந்தொலிக்கும் மெய்கள் நழுவும். நீர் கூடுவதும் வற்றுவதுமாக இருப்பதால் இன்று கேட்கும் குழந்தைக்கு நாளை கேட்காது. ஆசிரியர்களாகிய நாம் இதற்குக் கவனக்குறைவு எனப் பெயரிட்டு, அக்குழந்தையைப் பின்வாங்கில் இருத்துகிறோம். அது முன்வாங்கில் இருக்க வேண்டிய குழந்தை.

இம்மந்தம் எந்த வயதில் நேர்கிறது என்பதே முக்கியம். ஒரு மாதக் குழந்தையும் நெருங்கிய இரு மெய்யொலிகளைப் பிரித்தறியும் என்று 1971இல் ஐமாஸ் முதலியோர் காட்டினர். முதலாண்டின் முடிவுக்குள் தாய்மொழியில் இல்லாத ஒலிவேறுபாடுகளைக் குழந்தை கைவிடத் தொடங்குகிறது என்பதை 1984இல் வேர்க்கரும் ரீஸும் நிறுவினர். மூளை தன் மொழியின் ஒலிக்கட்டமைப்பை வரைந்துகொள்ளும் அவ்வாண்டிலேயே இக்குழந்தையின் செவி அடைபட்டுக் கிடக்கிறது. தன் வாயிலிருந்து கேட்கும் ஒலியும் திரிபானது. இரண்டும் ஒன்றையொன்று குழப்புகின்றன. 2003இல் வெளியான ஹொங்கொங் ஆய்வொன்று இவ்வகையில் கருதத்தக்கது: நுனிநா ஒலியைப் பின்னண்ணத்தில் ஒலித்த குழந்தைகள், பிறர் பேச்சிலும் தகரத்தையும் ககரத்தையும் போன்ற ஒலிகளைப் பிரித்தறிவதில் இடர்ப்பட்டனர். உச்சரிப்பை மட்டும் திருத்த முனையும் ஆசிரியர் ஏன் சலிப்படைகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

காலந்தாழ்ந்த சிகிச்சையின் விளைவை உலகுக்குக் காட்டியது நம் நாடே என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று. 1980களில் காலியை மையமாகக்கொண்டு பிரித்தானிய, இலங்கை மருத்துவர்கள் நடத்திய திட்டத்தில், சிகிச்சையின்றியே வளர்ந்துவிட்ட பலர் சத்திரசிகிச்சை பெற்றனர். மேல்நாட்டில் இத்தகையோரைக் காண்பது அரிது. பதின்ம வயதில் அண்ணம் மூடப்பட்டோரின் பேச்சை ஆராய்ந்து செல், கிறன்வெல் ஆகியோர் 1990இல் வெளியிட்ட முடிவு, பெரும்பாலோரிடம் பேச்சுக் குறை கடுமையாகவே எஞ்சிநின்றது என்பதாகும். கத்தி குறைவற்றதாயிருக்கலாம், காலம் கடந்துவிட்டது.

எவ்வளவு முந்தினால் நன்று? ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 558 குழந்தைகளைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஐந்து வயதில், மெல்லண்ணம் மூக்கின் வழியைப் போதியளவு அடைக்காத குறை, 12 மாதத்தில் சிகிச்சை பெற்றோரில் 15.0 சதவீதத்தினரிடமும், 6 மாதத்தில் பெற்றோரில் 8.9 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆறு மாத வேறுபாடே இவ்வளவு செய்யுமாயின், வண்டிக்கூலியின்றியும் வைத்தியசாலைக்குச் செல்லும் நாளின் கூலியை இழக்கவியலாமலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை எழுத்துகளைக் கேளாமலே பள்ளிக்கு வந்தனர்?