போட்டியிலிருந்து தேர்வுக்கு: சுட்டும் ரிட்ரீவர் நாய்களும் திறனளவீட்டின் வரலாறும்

முன்னுரை

பறவை வேட்டையில் நாய்க்குரிய பணிகளுள் முதன்மையானவை இரண்டு. புதரில் பதுங்கியுள்ள பறவையை மோப்பத்தால் கண்டறிவது ஒன்று. சுடப்பட்டு வீழ்ந்த பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பது மற்றொன்று. முதற்பணிக்குரிய பாயிண்டர், செட்டர் ஆகிய இனங்கள் பறவையின் மணம் பட்டதும் பாயாமல் அசைவற்று நின்று அது இருக்கும் திசையைக் காட்டும். இதனைச் ‘சுட்டி நிற்றல்’ எனலாம். இரண்டாம் பணிக்குரியவை ரிட்ரீவர் இனங்கள். அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது லேப்ரடார். எனினும் லேப்ரடார்களுள் சில, சுட்டி நிற்கும் இயல்பையும் கொண்டுள்ளன. ரிட்ரீவர்களுக்கான போட்டிகளில் இவ்வியல்புக்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்காவில் இதற்கெனத் தனித்தேர்வு உருவான பின்னணியை ஆராயும் இக்கட்டுரை, ஓர் இனத்தின் இயல்பு இன்னதென வரையறுப்பதில் அவ்வினத்தை அளக்கும் தேர்வுக்கும் பங்குண்டு என்பதை நிறுவ முற்படுகிறது.

பணிப் பகுப்பும் களப்போட்டியும்

1865 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சவுத்தில் என்னும் இடத்தில் பாயிண்டர், செட்டர் நாய்களுக்காக நடைபெற்ற போட்டியே பதிவுபெற்ற முதல் களப்போட்டியாகக் கொள்ளப்படுகிறது. 1874இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் இத்தகைய போட்டி தொடங்கியது. ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிட்டு முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்துவதே இவற்றின் முறை.

இதே காலப்பகுதியில் பின்புறமாகக் குண்டேற்றும் துப்பாக்கிகள் பரவின. சுடும் வேகம் கூடியது. பிரித்தானியப் பெருநிலக்கிழார்களின் தோட்டங்களில், ஆட்கள் பறவைகளை விரட்டிவர வேட்டையாடிகள் ஓரிடத்தில் நின்று சுடும் வழக்கம் வலுப்பெற்றது. அங்கு பறவையைத் தேடித்தரும் நாயின் தேவை குறைந்து, வீழ்ந்தவற்றை எடுத்துவரும் நாயின் தேவை மிகுந்தது. ஒரு பணிக்கு ஓர் இனம் என்னும் பகுப்பு, பல நாய்களையும் பல பணியாளர்களையும் வைத்திருக்க இயன்ற செல்வச் சூழலோடு பொருந்தியது. ஜெர்மனியிலோ, ஒரே நாய் தேடவும் சுட்டவும் எடுத்துவரவும் வேண்டும் என்னும் பல்திறன் மரபு வளர்ந்தது. ஆகவே, சுட்டும் இனம் வேறு, எடுத்துவரும் இனம் வேறு என்னும் பாகுபாடு இயற்கை விதித்த எல்லையன்று. ஒரு வேட்டைமுறையின் விளைவு என்பது தெளிவு.

லேப்ரடார் இனத்தை இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1903இலும் அமெரிக்கக் கென்னல் கிளப் 1917இலும் ஏற்றன. 1931 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் இடத்தில், ஒரு செல்வரின் தோட்டத்தில், அமெரிக்காவில் லேப்ரடார்களுக்கான முதல் களப்போட்டி நடைபெற்றது. பிரித்தானியப் பணிப்பகுப்பும் அதனோடு அமெரிக்க மண்ணில் ஊன்றியது.

அளவுகோல் மாறிய காலம்

களப்போட்டியில் வெற்றியாளரைப் பிரித்தறிய ஒவ்வொரு தலைமுறையிலும் கடினத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. எடுத்துவர வேண்டிய தொலைவு நீண்டது. தொழில்முறைப் பயிற்சியாளர்களின் ஆதிக்கம் பெருகியது. நாய்க்குத் தொலைவிலிருந்தும் தெரியவேண்டும் என்பதற்காக அதை நடத்துபவர் வெள்ளை மேலாடை அணிந்தார். உண்மையான வேட்டையில் எவரும் அவ்வாறு உடுத்துவதில்லை. போட்டி வேட்டையிலிருந்து விலகிவிட்டது என்னும் மனக்குறையே 1980களின் முதற்பாதியில் வேட்டைத் தேர்வுகளைத் தோற்றுவித்தது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1985இல் ரிட்ரீவர்களுக்கு இத்தேர்வைத் தொடங்கியது.

இதில் நாய்கள் ஒன்றையொன்று வெல்வதில்லை. வகுத்த தரத்தை எட்டும் நாய்கள் அனைத்தும் தேறும். வீழ்ந்த இடத்தை நினைவில் கொள்ளுதல், செயற்பாங்கு, விடாமுயற்சி, பயிற்சிக்கு இணங்கும் தன்மை ஆகிய தலைப்புகளில் 10க்கு மதிப்பெண் இடப்படுகிறது. எத்தலைப்பிலும் 5க்குக் குறையாமலும் மொத்தச் சராசரி 7க்குக் குறையாமலும் பெறவேண்டும். இத்தலைப்புகளுள் சுட்டி நிற்றல் இல்லை. சுட்டும் இனங்களுக்கு அதே அமைப்பு நடத்தும் தேர்வின் இனப்பட்டியலிலோ லேப்ரடாருக்கு இடமில்லை. அளவுகோல் மாறியும் பழைய பணிப்பகுப்பு மாறவில்லை.

சுட்டும் லேப்ரடாருக்கான தேர்வு

இவ்விடைவெளியை நிரப்ப முனைந்தது அமெரிக்கச் சுட்டும் லேப்ரடார் சங்கம். இத்தகைய தேர்வில் பறவை புதரில் மறைத்து வைக்கப்படும். நாய் தேடிச்சென்று மணம் கண்டு உறைந்து நிற்கவேண்டும். நடத்துபவர் நெருங்கிப் பறவையை எழுப்பும்வரை அந்நிலை குலையலாகாது. சுடப்பட்டபின் அதனை எடுத்துவரவேண்டும். நிலத்திலும் நீரிலும் எடுத்துவரும் திறனும் தனியே சோதிக்கப்படும். படிநிலை உயர உயர, பறவை பறந்தபோதும் வெடியோசை எழுந்தபோதும் ஆணையின்றி நகராத கட்டுப்பாடு எதிர்பார்க்கப்படுகிறது.

இத்தேர்வின் தேவையை அமெரிக்க நிலமே உணர்த்தியது. 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஓரிகன் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஃபெசன்ட் பறவை, பின்னர்ச் சமவெளி மாநிலங்களின் முதன்மை வேட்டைப் பறவையாயிற்று. நாய் உடனே பாய்ந்தால் அது துப்பாக்கியின் எல்லைக்கு அப்பால் எழும்பிவிடக்கூடும். நாய் நின்றால் வேட்டையாடி நெருங்க நேரம் கிடைக்கும். ஒரே ஒரு நாயை மட்டும் வளர்க்கும் வேட்டையாடிக்கு, காலையில் நீர்நிலையில் வாத்தை எடுத்துவந்து மாலையில் புல்வெளியில் ஃபெசன்டைச் சுட்டும் லேப்ரடார் இரு நாய்களுக்கு நிகர்.

இவ்வியல்பு பிறவியா பயிற்சியா என்னும் வினா இங்கு எழுகிறது. நோக்குதல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், பற்றுதல் எனத் தொடரும் இரைகொள் நடத்தையில், எவ்வெக்கட்டம் மேலோங்குகிறது என்பதைக் கொண்டு பணிநாய்களின் வேறுபாட்டை விளக்கினார் விலங்கு நடத்தையியலாளர் ரேமண்ட் காப்பிங்கர். இதன்வழி நோக்கினால், சுட்டி நிற்றல் பாயிண்டருக்கு மட்டுமே உரிய தனிப்பொருளன்று. நாயினத்தின் பொதுநடத்தையில் ஒரு கட்டம் தேர்வு வளர்ப்பால் நீட்டிக்கப்பட்டதே. லேப்ரடாரில் அது தோன்றுவதைக் கலப்பினத்தின் அடையாளமாகவே கொள்ளவேண்டிய கட்டாயமில்லை. சுட்டும் லேப்ரடார் தனி இனமாகப் பதிவு செய்யப்படாமல் லேப்ரடாராகவே நீடிப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

களப்போட்டி ‘எந்த நாய் சிறந்தது’ என வினவியது. வேட்டைத் தேர்வு ‘இந்நாய் பணிக்குப் போதுமானதா’ என வினவுகிறது. ஆயினும் இரண்டும் எதை அளப்பதென முன்னரே முடிவு செய்துவிடுகின்றன. எந்நாய் ஈனவேண்டும் என்பதை வளர்ப்போர் பட்டங்களைக் கொண்டு தீர்மானிப்பதால், மதிப்பெண் பெறாத திறன் சில தலைமுறைகளில் தேய்ந்து மறையக்கூடும். சுட்டும் லேப்ரடாருக்கான தேர்வு புதியதொரு திறனைப் படைக்கவில்லை. இருந்த திறனுக்குப் பதிவேட்டில் இடம் தந்தது. அதே வேளையில், சுட்டி நிற்றலுக்குப் பட்டம் வழங்கும் தேர்வும் வேறொரு திறனைக் கணக்கில் கொள்ளாது விடக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.