ஒரே ஊர், இரண்டு வானம்

சித்திரை மாதம், காலை பத்து மணி. உளுந்து பறித்த வயல் வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. வரப்போரத்தில் திடீரென்று ஒரு சுழல்காற்று கிளம்பி, சருகையும் உளுந்துப் பொட்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டு பனைமர உயரத்துக்கு எழும்புகிறது. பேய்க்காற்று என்று பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். சற்று நேரத்தில் ஒரு கரும்பருந்து அந்த இடத்துக்கு மேலே வந்து, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டு ஏறும். கிளைடர் ஓட்டுபவர்கள் தேடி அலைவது இதைத்தான். சூடான தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலேறும் காற்று. அவர்கள் பாஷையில் தெர்மல்.

கிளைடரில் எஞ்சின் கிடையாது. விஞ்சோ இழுவை விமானமோ மேலே கொண்டுபோய் விட்டபின், ஒரு தெர்மலில் ஏறி அடுத்த தெர்மல்வரை சறுக்கிப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நம் நாட்டில் புனே ஹடப்சரில் இதற்கென்று ஒரு பயிற்சி மையம் உண்டு. தஞ்சைக்கும் கிளைடருக்கும் அப்படி ஒட்டுறவு எதுவும் இல்லை; இங்கே இருக்கும் ஓடுதளம் விமானப்படையுடையது. ஆனாலும் தொலைதூரப் பறத்தலுக்கு வானிலையைப் படிக்கப் பழக வேண்டும் என்றால் இந்த ஊரைவிட நல்ல பாடம் கிடைக்குமா என்பது சந்தேகம். ஊருக்கு வடகிழக்கே காவிரி வண்டல். தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் வல்லத்துச் செம்மண். வெயில் ஒன்று, வானம் இரண்டு.

முதலில் தண்ணீர். நடவு வயலில் விழும் வெயிலில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. காற்றைச் சூடாக்க மிஞ்சுவது கொஞ்சம். செம்மண் மேட்டில் மழை நின்ற சில நாளிலேயே தரை காய்ந்து, வெயில் நேராகக் காற்றைச் சுடுகிறது. வல்லத்து வானத்தை மழை தீர்மானிக்கிறது என்றால், டெல்டாவின் வானத்தை மேட்டூர் தீர்மானிக்கிறது. 1934-இல் அணை வந்ததிலிருந்து ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. குறுவை, சம்பா, தாளடி என்று அதற்கிடையே வயல் ஈரமாகவே இருக்கும். அதாவது டெல்டாவுக்கு மேலே பறக்க ஏற்ற பருவம், ஷட்டர் இறங்கிய பிறகு வயல் காய்ந்ததிலிருந்து மறுபடி ஷட்டர் ஏறும்வரைதான். அணை திறப்பு உத்தரவைப் பார்த்து விமானி நாள் குறிக்கும் ஊர் வேறெங்கும் இருக்குமா தெரியாது.

அடுத்தது உயரம். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தரை வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியை 125-ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் அடிமட்டம் ஏறக்குறைய மீட்டரில் வந்துவிடும். உதாரணத்துக்கு, கும்பகோணம் பக்கம் 34 டிகிரி, பனிநிலை 25 என்று வைத்துக்கொள்வோம்: 1,125 மீட்டர். செம்மண் பக்கம் 38-ம் 18-ம் என்றால் 2,500 மீட்டர். சறுக்கு விகிதம் 40 உள்ள கிளைடர், ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழந்து 40 கிலோமீட்டர் போகும். இது அசையாத காற்றில், காகிதத்தில். இறங்குவதற்கு 300 மீட்டரை ஒதுக்கி, மீதியிலும் பாதியைத்தான் நம்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் டெல்டா வானம் தஞ்சையிலிருந்து அய்யம்பேட்டைவரை கொண்டுபோய் விடும். செம்மண் வானம் கந்தர்வகோட்டையைத் தாண்டி, புதுக்கோட்டையை எட்டிப் பார்க்கவைக்கும். நெல்லுக்கு உயிரான அதே ஈரம்தான் விமானியின் கூரையைத் தாழ்த்துகிறது.

இந்த எண்கள் எங்கே கிடைக்கும்? காரைக்காலில் வானிலைத் துறை காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் பலூன் விடுகிறது. அது மேலேறும்போது அனுப்பும் வெப்பநிலையையும் ஈரத்தையும் டெபிகிராம் தாளில் வரைந்து, அன்றைக்கு எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்திலிருந்து ஒரு கோடு இழுத்தால், தெர்மல் எத்தனை மணிக்குக் கிளம்பும், எதுவரை ஏறும் என்று பறப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் காரைக்கால் கடற்கரை ஊர். அதன் ஈரக்காற்று மாயவரத்துக்குப் பொருந்தும்; வல்லத்துக்கு அப்படியே எடுத்தால் ஏமாற்றும். புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: வரைபடம் சரி, எடுத்துப் பார்த்த ஊர் தப்பு.

வேகமும் இங்கே மாறும். 1956-இல் உலகப் பட்டம் வென்ற பால் மக்ரெடி ஒரு விதி வகுத்தார்: அடுத்த தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்று நம்புகிறாயோ, அதற்கேற்ற வேகத்தில் சறுக்கு. செம்மண்ணில் துணிந்து விரையலாம். டெல்டாவில் கிடைத்த சோனித் தெர்மலையும் விடாமல், பொறுமையாக ஊர்ந்து போக வேண்டும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் கிழக்கே ஆட்டம் முடிந்தது. அந்தக் காற்றின் முகப்பில் மட்டும் ஒரு மேலெழும் பட்டை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வடக்கு தெற்காக நெடுந்தூரம் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆடியில் இரண்டு பக்கமும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தெர்மலைக் கந்தலாக்கிவிடும்.

எங்கே இறங்குவது என்பதையும் முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும். டெல்டாவில் துண்டு துண்டான வயல், வரப்பு, தென்னை, பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி. செம்மண்ணில் வயல் கொஞ்சம் பெரிசு, ஆனால் முந்திரியும் தைலமரமும் நெருக்கியிருக்கும். எனக்குக் கடலை பிடுங்கிய கொல்லைதான் நம்பிக்கை தருகிறது.

தெர்மல் கிளம்பும் நேரத்தைப் பறவைகளும் சொல்லும். ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராக இருந்த ஹான்கின், முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பருந்தும் கழுகும் காலையில் எத்தனை மணிக்கு வட்டமிடத் தொடங்குகின்றன என்று குறித்துவந்தார். எடை குறைந்த பருந்து முதலில் ஏறும். கனத்த கழுகு பிறகு. தஞ்சையில் அதே கடிகாரத்தை நத்தைகுத்தி நாரையிடம் பார்க்கலாம். விடியலில் வாய்க்காலில் மேய்வது, வெயில் ஏறியதும் இறக்கையை விரித்து வட்டமிடுகிறது.

கடைசியாகப் பாதை. ஈரமும் காய்ச்சலும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஓரங்களில் சூடான காற்று சுலபமாகத் தரையை விட்டுப் பிரியும். ஆனால் இங்கே அந்த ஓரம் நேர்கோடு இல்லை. பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புதாறு என்ற கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வரை செம்மண்ணுக்குள்ளும் தண்ணீரைக் கொண்டுபோய்விட்டது. வரைபடத்தில் அந்த ஆற்றை ஒரு பென்சிலால் தொடர்ந்து, அதன் மேற்குக் கரையில் காய்ந்து கிடக்கும் மேடுகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டு வைப்பேன். பறக்கும் நாள் வந்தால் என் பாதை அதுதான்.