வேலியோரத்துச் சீமை

மூன்று விமானம் மாறித் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து திண்டுக்கல் வந்து, குஜிலியம்பாறை வழியாகக் கரூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எரியோடு தாண்டியதும் ஜன்னல் காற்றில் புழுதியும் காய்ந்த சோளத்தட்டை வாசமும் சேர்ந்து வந்தன. ஐந்து மாதம் மெக்சிகோவில் தனியாகச் சுற்றியவனுக்கு ஊர் நெருங்கிவிட்டதை முதலில் மூக்குதான் சொன்னது. கோவிலூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருவர், என் மடியில் கிடந்த பையையும் அதன் கைப்பிடியில் ஒட்டியிருந்த விமான நிலையத்துக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீமைக்குப் போய்ட்டு வர்றியா தம்பி?"

"ஆமாங்கம்மா."

"எந்தச் சீமை?"

நான் மெக்சிகோ என்றேன். "அது எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கைப்பிடி கடலையை என் உள்ளங்கையில் வைத்தார். எந்தச் சீமை என்ற அவருடைய இரண்டாவது கேள்வி வீடு வரும்வரை என்னை விடவில்லை. சீமை என்றால் வெளிநாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கோ சீமை பல. எந்தச் சீமை என்று கேட்டால்தான் பேச்சு முழுமையாகும். அவர் கேட்டதே சொல்லின் பழைய முறை.

சீமை, வடமொழிச் சீமா என்பதிலிருந்து வந்த சொல். அதற்கு மூலப்பொருள் எல்லை. ஒரு நிலத்தை இன்னொரு நிலத்திலிருந்து பிரிக்கும் கோடு. அந்தக் கோட்டைத் தரையில்தான் தேடவேண்டும் என்பதில்லை. முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு நாம் நடத்தும் சீமந்தமும் இதே குடும்பத்துச் சொல்தான். சீமந்தம் என்றால் வகிடு. தலைமுடியை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கோடு. கணவன் மனைவிக்கு வகிடு எடுத்துவிடும் சடங்கு என்பதால் அந்தப் பெயர். வளையல் சத்தத்தில் நாம் மறந்துவிட்ட கோடு அது. (சீமான், சீமாட்டி என்பவை இந்தக் குடும்பம் இல்லை. அவை ஸ்ரீமான் வழி வந்தவை. சீமைக்குப் போய் வந்தவர் சீமான் ஆகிவிடுவார் என்று ஊரில் சேர்த்துப் பேசுவதால் பலர் குழம்புகிறார்கள்.)

கோட்டைக் குறித்த சொல், கோட்டுக்குள் இருக்கும் நிலத்தையும் குறிக்கத் தொடங்கியது. விஜயநகர காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் சீமை, சீர்மை என்று இரண்டு வடிவிலும் ஆட்சிப் பிரிவின் பெயராக அது வருகிறது. கன்னடத்தில் சீமெ, தெலுங்கில் சீம. ராயலசீமை என்ற பெயரில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. நம் பக்கத்தில் சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை, திண்டுக்கல் சீமை. அதாவது சீமை என்பது அப்போது தூரதேசம் இல்லை. நம் வரி போகும் இடம், நம் சண்டை நடக்கும் இடம், நம் சாமி இருக்கும் இடம்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது வேலு நாச்சியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் உயிரிழந்த பிறகு, ராணி மகளோடு திண்டுக்கல் பக்கம் வந்தார். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரும் ஹைதர் அலியும் அவருக்குத் துணை நின்றார்கள். எட்டு வருடம். பிறகு 1780-இல் படையோடு போய்ச் சிவகங்கையை மீட்டார். விருப்பாச்சியிலிருந்து சிவகங்கை இன்றைக்கு பஸ்ஸில் ஒரு பகல் தூரம்கூட இல்லை. அந்த எட்டு வருடத்தில் அவர் திரும்பிப் பார்த்த திசைக்குப் பெயர் சீமை. வீடு என்ற பொருளில் அந்தச் சொல்லை அவரைவிட அழுத்தமாக யாரும் உணர்ந்திருக்க முடியாது.

அப்படியிருந்த சொல் எப்படிக் கடல் தாண்டியது? கப்பலில் வந்தவர்களுக்கும் ஒரு சீமை இருந்தது என்பதால்தான். அவர்கள் பிறந்த நாட்டை நம்மவர்கள் இங்கிலீஷ் சீமை, பிரெஞ்சு சீமை என்றார்கள். அடைமொழி இல்லாமல் நெடுநாள் அந்தப் பேச்சு நடந்திருக்காது. ஆனால் எஜமானின் ஊரை எல்லோரும் ஒரே ஊராகவே பேசப் பேச, முன்னால் இருந்த அடைமொழி தேய்ந்து விழுந்துவிட்டது. துரை சீமைக்குப் போயிருக்கிறார் என்றால் போதும், எந்தச் சீமை என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினி கைக்குப் போனது. நம் சீமையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வடக்கேயும் இதே கதை நடந்திருக்கிறது. அரபியில் விலாயத் என்றால் ஒரு ஆளுநரின் கீழுள்ள மாகாணம். இந்துஸ்தானியில் அது அயல்நாடாகி, பிறகு இங்கிலாந்தாகிவிட்டது. தக்காளியை விலாயதி கத்தரிக்காய் என்றும், சோடாவை விலாயதித் தண்ணீர் என்றும் சொன்ன காலம் உண்டு. இங்கே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகி, பிளைட்டி என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். முதல் உலகப்போரில் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் கிடந்த ஆங்கிலச் சிப்பாய்க்கு பிளைட்டி என்றால் வீடு. ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குக் காயம் பட்டால் அதைப் பிளைட்டிக் காயம் என்று ஆசையோடு சொன்னான். நமக்கு அந்நியம் என்று பொருள்பட்ட ஒரு சொல்லைத்தான் அவன் அம்மா இருக்கும் ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டு செத்தான். சொல் வரலாற்றில் இதைப்போல என்னை உலுக்கியது வேறொன்றும் இல்லை.

நம் ஏழைகளுக்குச் சீமை என்பது லண்டன் இல்லை. மதுரை ஜில்லாவின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் நடந்துபோன குடும்பங்களுக்கு அது இலங்கையின் கண்டிச்சீமை. பிற்காலத்தில் போனவர்கள் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் காத்திருந்து, மருத்துவச் சோதனை முடிந்து, தலைமன்னாரில் இறங்கி மலையேறினார்கள். காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போன இந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் அந்த மலையிலேயே பிறந்தார்கள். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. இலங்கை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது 3,00,000 பேரை. மிச்சமிருந்த 1,50,000 பேரின் கதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களின் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை. கொடைக்கானல் மலையிலும் அப்படி வந்தவர்கள் குடியேறினார்கள். கீழே சமவெளியில் அவர்களைச் சிலோன்காரர் என்றுதான் அழைத்தார்கள். ஊர் திரும்பினேன் என்று நான் இவ்வளவு எளிதாக எழுதும்போது அவர்கள் முகம் எனக்குள் வந்து நிற்கிறது. என்னிடம் கடவுச்சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தன. எனக்காகக் காத்திருக்க ஒரு திண்ணையும் இருந்தது.

1959-இல் இரண்டு சீமைகள் ஒன்றாக வெளிவந்தன. கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' படம் அந்த வருடம்தான். சுந்தர ராமசாமியின் முதல் சிறுகதைத் தொகுப்பான 'அக்கரைச் சீமையில்' வந்ததும் அதே வருடம். ஒன்றில் சீமை நம் மண், மற்றதில் கடலுக்கு அந்தப்புறம். இரண்டையும் வாசலில் நிறுத்தி யார் சொந்தம், யார் விருந்தாளி என்று கேட்க வேண்டிய தேவையே தமிழுக்கு வரவில்லை.

பஸ்ஸில் வந்த அம்மாவைப் போன்றவர்களை விட்டால், இன்றைக்கு யாரும் லண்டனைச் சீமை என்பதில்லை. ஃபாரின் என்கிறோம், வெளிநாடு என்கிறோம். சீமை என்ற சொல் கிராமத்தில் தங்கிவிட்டது, அதுவும் பெரும்பாலும் பொருள்களின் பெயரில். எங்கள் வீட்டில் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால், கழுத்தில் சணல் கட்டிய கண்ணாடி பாட்டில் ஒன்று ஆணியில் தொங்கும். ரேஷன் கடையிலிருந்து அதில் வருவது சீமெண்ணெய். மண்ணெண்ணெய் என்று எழுதுவோம், சீமெண்ணெய் என்றுதான் சொல்வோம். மூடி தொலைந்துபோய் வாயில் துணி அடைத்திருக்கும். அந்தத் துணியின் வாசம்தான் எனக்குக் கரண்ட் போன ராத்திரிகளின் வாசம். கூரைக்கு நாட்டு ஓடு இருந்தது. வசதி வந்தவர்கள் சீமை ஓடு போட்டார்கள். தொழுவத்தில் நாட்டு மாடும் சீமைப் பசுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பள்ளிக்கூடத்தில் சீமைச் சுண்ணாம்பு. கரிக்காலியில் சிமெண்டு ஆலையே வைக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடக்கும் பூமி எங்களுடையது. அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு சீமைச் சுண்ணாம்பால் அ எழுதிப் பழகினோம். நாட்டு, சீமை என்ற இந்த இரண்டு முன்னொட்டுகளையும் வைத்தே ஒரு கிராமத்தின் இருநூறு வருடக் கொடுக்கல் வாங்கலை எழுதிவிடலாம்.

மெக்சிகோவின் வஹாக்கா சந்தையில் ஒருநாள் காலை, முதுகுப்பையோடு நின்று பச்சைக் காய்க் குவியல் ஒன்றைப் பார்த்தேன். சவ்சவ். ஆடலூர், பன்றிமலைப் பந்தல்களில் காய்த்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் அதே காய். சிலர் இதைச் சீமைக் கத்தரிக்காய் என்பார்கள். கன்னடத்திலும் சீமெ பதனெகாயிதான். அதன் பிறந்த நாடு மெக்சிகோ. அங்கே அதைச் சயோத்தே என்கிறார்கள். நான் அதைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டு நின்றேன். கடைக்காரம்மா நான் வாங்கப்போகிறேன் என்று நினைத்துப் பையை விரித்தார். இரண்டு காய் வாங்கிக்கொண்டேன், சமைக்க அடுப்பே இல்லாதபோதும்.

அடுத்து வந்ததுதான் பெரிது. ஊருக்கு வெளியே காய்ந்த மேட்டில் ஒரு மரம். முள், சின்ன இலை, மஞ்சள் நெற்று. நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. அங்கே பெயர் மெஸ்கீத்தே. நாவாத் மொழியின் மிஸ்கித்ல் என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் வேரோடு பிடுங்கச் சட்டம் பேசும் மரத்தின் நெற்றை அங்கே இடித்து மாவாக்குகிறார்கள். பொறுக்கிய ஒரு நெற்றைக் கடித்தேன், இனித்தது. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனபோது ஆட்டோடு போட்டி போட்டுத் தின்ற அதே இனிப்பு. தனியாகப் போனவனுக்குப் பல நாள் பேச ஆள் இருக்காது. அன்றைக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்து எரியோட்டையும் குஜிலியம்பாறையையும் நினைத்தேன். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவானது அங்கேதான்.

சீமைக்கருவேலம் 1870-களில் நம் பக்கம் வந்தது. கடப்பைப் பகுதியில் முதலில் வைத்தார்கள். விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும் என்று வந்தது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. ஏரி, ஓடை, தரிசு எல்லாம் அதற்கே. எங்கள் பக்கத்துக் காடுகளுக்கு முன்பெல்லாம் கிளுவை வேலிதான். கொம்பை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். கிளுவை போன இடத்தில் சீமைக்கருவேலம் வேலியானது. அதற்கு வேலிக்காத்தான் என்றே இன்னொரு பெயர்.

வந்து மூன்றாம் நாள் அப்பத்தாவோடு காட்டுக்குப் போனேன். தெற்குப் பொழியில் நின்ற முள்மரத்தை வெட்டிவிடலாம் என்று அரிவாளோடு போயிருந்தேன்.

"அதுல கை வைக்காதடா சாமி," என்றாள்.

"இது சீமைக்கருவேலம் அப்பத்தா. நிலத்தக் கெடுத்துரும்."

"கெடுக்கட்டும். அதுக்கு அங்கிட்டு அடுத்தவன் காடு. கல்லு எங்க இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

அடிமரத்தைச் சுற்றிக் கடப்பாரையால் கொத்தினேன். ஒரு முழம் போனதும் ணங் என்றது. வேர் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு, தலையில் கோடு வெட்டிய எல்லைக்கல் உள்ளே இருந்தது. அப்பத்தா குனிந்து முந்தானையால் கல்லின் தலையில் இருந்த மண்ணைத் துடைத்தாள். அந்தக் கோடு வெள்ளையாகத் தெரிந்தது.