பிளேக் பாஸ்போர்ட்டும் இ-பாஸும்: ஆரணிக்குப் போவதா, வேண்டாமா?

வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும் பட்டு எடுக்க ஆரணிக்குப் போய் வருகிறவர்கள் நம் குடியிருப்பில் பல பேர் இருக்கிறீர்கள். ஆரணிப் பக்கமே சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்களும் உண்டு. 2020-ல் இந்த இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: இப்போது போகலாமா, வேண்டாமா? நமக்கு அது புதிய கேள்வி. ஆனால் நூறு வருடத்துக்கு முன்பே இந்த மாகாணத்தில் ரயில் ஏறியவர்களுக்கு அது பழகிய கேள்விதான்.

பம்பாயில் பிளேக் வெடித்தது 1896-ல். அடுத்த பிப்ரவரியிலேயே தொற்றுநோய்ச் சட்டம் வந்துவிட்டது. 2020-ல் நம்மை வீட்டுக்குள் வைத்தபோது அரசுகள் கையில் எடுத்த அதே 1897 சட்டம்தான். பயணிகளை நிறுத்திச் சோதிக்கவும், சந்தேகம் இருந்தால் பிரித்து வைக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. 1898-ல் பிளேக் பெங்களூருக்கு வந்துவிட, சென்னை மாகாணம் உஷாரானது. நோய் கண்ட இடத்திலிருந்து வருகிறவர் கையில் ஒரு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுக்கப்பட்டது. போய்ச் சேரும் ஊரில் பத்து நாள், தினமும் அங்குள்ள அதிகாரியிடம் போய் முகம் காட்ட வேண்டும். பெட்டியை இறக்கி வைத்த கையோடு மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட முடியாது!

இத்தனைக்கும் பிளேக்கைப் பெரும்பாலும் சுமந்தது மனிதர் அல்ல, எலி. எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-லேயே கராச்சியில் கண்டறிந்தார். அதை அதிகாரிகள் ஏற்கப் பல வருடம் ஆனது. அதுவரை தானிய மூட்டைக்குள் எலி நிம்மதியாகப் பயணம் செய்தது, பயணிதான் வரிசையில் நின்றார்.

உண்மையிலேயே மூச்சுக்காற்றில் பரவும் நோய் வந்தது 1918-ல். ஜூனில் பம்பாயில் தொடங்கிய இன்ஃப்ளூயன்ஸா முதலில் லேசாகத்தான் இருந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தபோது கொன்றது. ரயில் பாதை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் போனது. ஆரணி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு ஜாகீர். பட்டுக்கு முன்பே மெல்லிய மஸ்லினுக்குப் பெயர் வாங்கிய ஊர். ஊருக்குள் ரயில் வராது. காட்பாடி - விழுப்புரம் பாதையில் களம்பூரில் இருக்கும் 'ஆரணி ரோடு' நிலையத்தில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டும். காட்பாடியில் சென்னைப் பாதை. அரக்கோணம் போனால் பம்பாய்ப் பாதை. மூச்சில் பரவும் நோய்க்கு இந்த இணைப்பு போதும். பத்து நாள் முகம் காட்டச் சொல்வதும் இங்கே உதவாது. தொற்றிய ஓரிரு நாளில் காய்ச்சல் வந்து, வீடு முழுக்கப் பரவியும் முடிந்திருக்கும்.

இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடிப் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது பிற்கால மதிப்பீடு. 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

யார் இறந்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதிகம் இறந்தது 20-லிருந்து 40 வயதுக்காரர்கள், அதாவது வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிற வயது. அப்படியென்றால் பயணம் போனவருக்குத்தானே ஆபத்து என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் அந்த வயதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். காய்ச்சலோடு வந்து படுத்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்கள்தான் என்பது ஒரு விளக்கம். ரயில் ஏறியவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர். "எனக்கு ஒன்றும் ஆகாது, நான் போய் வருகிறேன்" என்பதில் முதல் பாதி சரியாகவே இருந்தாலும் கணக்கு முடியவில்லை.

2020-க்கு வருவோம். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகம் அடைந்தது. மே 5-ல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கம் எண்ணிக்கை ஏறியது நினைவிருக்கும். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர். இந்த முறை வயதுக் கணக்கு தலைகீழ். போகிற இளைஞருக்கு இருமல்கூட வராமல் போகலாம், திண்ணையில் இருக்கும் தாத்தாவுக்குத்தான் ஆபத்து.

நெசவாளர் வீட்டை நேரில் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். குழித்தறி இருப்பது வீட்டுக்குள்தான். தறி போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் சமையல், படுக்கை எல்லாம். வந்தவரைத் தனி அறையில் 14 நாள் வை என்றால் எந்த அறையில் வைப்பது? வேலையும் தனியாக நடப்பதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது பல கைகள் சேர வேண்டும். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக் கொடுப்பவர் வீடு வீடாகப் போகிறவர். மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருந்துகொண்டு நாம் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

அதற்காக, போகாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றும் சொல்ல முடியாது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். இரண்டும் நின்றன. கல்யாணங்கள் சுருங்கின, புடவை வாங்க ஆளில்லை. கூலிக்கு நெய்கிறவருக்குத் தறி ஓடாத வாரம் என்பது வருமானம் இல்லாத வாரம். நீங்கள் வராதது அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது, பட்டினியாகவும் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை எந்தப் பாஸும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் இ-பாஸ் கிடைத்தது. செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் அது தேவையே இல்லை என்றாகி, 7-ஆம் தேதி மாவட்டங்களுக்கு இடையே பஸ்ஸும் ஓடத் தொடங்கியது. நோய் அப்போது போய்விடவில்லை, கேட்பதற்கு ஆள்தான் இல்லை. தீபாவளி நவம்பர் 14. போவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டரை மாதமும் ஒவ்வொரு வீடும் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிலர் காரில் போய், வாசலிலேயே நின்று, முகக்கவசத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் முகூர்த்தப் பட்டை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து, முன்பணம் அனுப்பி, பார்சலில் வரவழைத்தார்கள். வீடியோவில் அரக்காகத் தெரிந்த புடவை கைக்கு வந்தபோது மாம்பழ நிறமாக இருந்தது என்று நம் சி பிளாக்கில் இன்னும் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.